லெட்டூஸுக்கு எந்தத் தண்ணீர்: போரா, ஆர்.ஓ.வா, மழையா?

சென்னைக் கடலோரத்தில் மொட்டை மாடியில் மண்ணில்லாமல் லெட்டூஸ் வளர்ப்பவர்கள் விதையையும் உரத்தையும் தேடித் தேடி வாங்குகிறார்கள். தண்ணீரை மட்டும் குழாயில் வருவதை அப்படியே பிடித்து ஊற்றுகிறார்கள். எனக்கு இது பெரிய ஆதங்கம்.

லெட்டூஸ் உப்புக்குச் சீக்கிரம் வாடுகிற பயிர். கரைந்த உப்பின் அளவை ஈ.சி. என்ற மின்கடத்துத் திறனால் அளக்கிறோம் (இங்கே எல்லா எண்களும் மில்லிசீமன்ஸ்/செ.மீ. அலகில்). மண்ணில், வேரடி ஈ.சி. 1.3-ஐத் தாண்டினால் விளைச்சல் சரியத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு முழு அலகுக்கும் ஏறத்தாழ 13 சதவீதம் குறையும் என்பது, பயிர்கள் உப்பைத் தாங்கும் அளவை ஆராய்ந்த மாஸ், ஹாஃப்மன் 1977-இல் தந்த கணக்கு. மண்ணில்லா முறையில் உரம் கரைத்த தொட்டிக் கரைசலுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அங்கே 1.2 முதல் 1.8 வரை உரத்தாலேயே ஈ.சி. ஏறிவிடுகிறது. சத்தான நைட்ரேட் எது, வேண்டாத சோடியம் எது என்று ஈ.சி. மீட்டருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

போர் தண்ணீரின் ஈ.சி. 1.0 என்று வையுங்கள். உரம் கலந்த கரைசலை 1.6-இல் நிறுத்தினால் உரத்துக்கு மிஞ்சுவது 0.6 மட்டுமே, செடி பட்டினி கிடக்கும். முழு உரம் போட்டால் 2.2-ஐத் தாண்டும். அப்போது வேர் நீரை இழுக்கத் திணறும், இலை சிறுத்துத் தடிக்கும். உள்ளிலைக்குக் கால்சியம் போய்ச் சேராமல் ஓரம் கருகும். அதைச் சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் உரம் ஊற்றினால் செடி போய்விடும். இன்னொன்று: செடி நீரைக் குடிக்கும், சோடியத்தில் பெரும்பகுதியை விட்டுவிடும். 20 லிட்டர் தொட்டியில் சிறிது சிறிதாக மொத்தம் 20 லிட்டர் வற்றி, அதே போர் தண்ணீரால் மீண்டும் நிரப்பினால் சோடியம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஆனாலும் போர் தண்ணீரை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். அதன் ஈ.சி.யில் கால்சியம், மக்னீசியத்தின் பங்கு அதிகமென்றால் அது உணவே. சோடியம், குளோரைடு எவ்வளவு என்று ஆய்வகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீரில் உப்புத் தொல்லை இல்லை. கால்சியமும் மக்னீசியமும்கூட இல்லை, அவற்றைக் கரைசலில்தான் கொடுக்க வேண்டும். பி.எச். (அமில, காரத் தன்மை) அலைபாயும். வீட்டு இயந்திரங்களில் ஒரு லிட்டர் நல்ல நீருக்குப் பல சமயம் இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகிறது. கீரைக்காக இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

என் ஓட்டு மழைக்கே. 50 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 500 லிட்டர். சேதாரம் போக 400 நிச்சயம். சென்னையில் லெட்டூஸ் நன்றாக வருவது கார்த்திகை முதல் மாசி வரைதான், வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் கையிருப்பில் இருக்கும் காலமும் அதுவே. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை மூடிய டேங்கில் பிடியுங்கள். போதாத நாளில், ஈ.சி. 2.0 உள்ள போர் தண்ணீர் ஒரு பங்குக்கு மழைநீர் மூன்று பங்கு கலந்தால் 0.6-க்குள் நிற்கும்.

வெயில் ஏறியதும் குழாயில் கரைசலை ஓடவிடும் முறையின் சிறிய தொட்டியில் உப்பு மளமளவென்று செறியும். பெரிய தொட்டியில் வேரை மிதக்கவிடும் முறை நிதானமாகப் போகும். எதுவானாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பழைய கரைசலை மாற்றுங்கள். எங்கள் வீட்டில் அது தென்னைக்குப் போகிறது, அந்த அளவு உப்பைத் தென்னை தாங்கும்.