ஜெலுத்தோங்கில் வாஷிங் மெஷின் பேரிங் மாற்றிய அனுபவம்: 310 ரிங்கிட், ஒரு மாதம் கழித்து

எங்கள் வாஷிங் மெஷின் முன்பக்கம் கதவு வைத்தது, 8 கிலோ, வாங்கி 7 வருஷம். நானும் வீட்டுக்காரரும் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். தினமும் வெள்ளைச் சட்டை, அதோடு எங்கள் இருவரின் யூனிஃபார்ம். துணி துவைக்க எனக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்தான்.

சத்தம் போன வருஷக் கடைசியில் ஆரம்பித்தது. முதலில் பிழியும்போது மட்டும் மெல்லிய உறுமல். பிறகு மாதத்துக்கு மாதம் ஏறி, கடைசியில் லாரி மேட்டில் ஏறுவது போல ஆகிவிட்டது. மெஷின் மேல் வைக்கும் சோப்பு டப்பா நகர்ந்து நகர்ந்து கீழே விழும். ஒருநாள் கீழ்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) ஒரு தட்டு பலகாரத்தோடு மேலே வந்து, மெஷினுக்கு என்ன ஆச்சு என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவு தன்மையாகக் கேட்டதும் எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. அதோடு ராத்திரி துவைப்பதை நிறுத்திவிட்டேன்.

புதுசு வாங்கலாம் என்றால் அதே அளவில் 1,200 ரிங்கிட்டுக்குக் குறைந்து கண்ணில் படவில்லை. பள்ளி திறக்கும் நேரம், கையில் அவ்வளவு இல்லை. கீழே டோபிக் கடையில் ஒரு தடவை துவைக்க 5, காயவைக்க 5. வாரம் நாலு தடவை போட்டால் மாதம் 160 ரிங்கிட். லிஃப்ட் இல்லாத நான்காவது மாடியிலிருந்து மூட்டை தூக்கி இறங்கி ஏறுவது வேறு.

முதலில் கூப்பிட்ட ஆள் வந்துபோகும் கூலி 50 வாங்கிக்கொண்டார். மெஷினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, மோட்டார் போய்விட்டது, ரிப்பேர் பண்ணுவது வீண், தன்னிடம் பழைய மெஷின் ஒன்று இருக்கிறது, 550க்குத் தருகிறேன் என்றார். பின்பக்க மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. பிழியும் வேகம் துளியும் குறையாதபோது மோட்டார் எப்படிப் போயிருக்கும் என்று மனசு ஒப்பவில்லை. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் சொல்லித்தான் ஜெலுத்தோங் கடை தெரியும். பெரிய சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் ஒற்றைக் கதவுக் கடை. கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் பாதியை டிரம்களும் கழற்றிய மோட்டார்களும் அடைத்திருக்கும். கடைக்கார அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், உதவிக்கு மகன். போனில் விலை எதுவும் சொல்லாமல் முதலில் கேள்விதான் கேட்டார். மெதுவாகச் சுற்றும்போதும் சத்தம் வருகிறதா, பிழியும்போது மட்டுமா? அடியில் தண்ணீர் கசிகிறதா? பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

அப்புறம் என்னையே சோதிக்கச் சொன்னார். "தங்கச்சி, மொதல்ல பிளக்கை உருவிடுங்க. கதவைத் திறந்து டிரம்மைக் கையால மெதுவா சுத்துங்க, காதைக் கிட்ட வையுங்க." சுற்றினேன். அம்மியில் காய்ந்த மிளகு அரைபடுவது போல கறகற என்றது. "இப்ப டிரம்மோட மேல் விளிம்பைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க. வெளித்தொட்டியும் சேர்ந்து ஆடுனா அது ஸ்பிரிங், பயமில்ல. டிரம் மட்டும் தனியா ஆடுனா பேரிங்தான்." டிரம் மட்டும் ஆடியது, கடகடவென்று நன்றாகவே. பேரிங் என்பது டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுற்றவிடும் இரும்புக் குண்டு வளையம். கீழே முன்பக்கச் சின்னக் கதவைத் திறந்து பம்ப் ஃபில்டரையும் பார்க்கச் சொன்னார். 20 சென் காசு ஒன்றும் மகளின் ஹேர்பின்னும் கிடைத்தன. சில வீடுகளில் சத்தத்துக்குக் காரணம் இவ்வளவுதானாம்.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. 50 ரிங்கிட் வாங்கியவர் செய்யாததை இவர் காசு வாங்காமல் போனிலேயே செய்ய வைத்தார். எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

ஸ்டிக்கர் படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். சில மாடல்களில் வெளித்தொட்டியின் இரண்டு பாதியையும் கம்பெனியிலேயே உருக்கி ஒட்டிவிடுவார்களாம். அதைத் திறக்க முடியாது, தொட்டியையே மொத்தமாக மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்குப் பழைய மெஷின் தாங்காது. எங்களுடையது சுற்றிலும் திருகு போட்டது, பேரிங் மட்டும் மாற்றலாம் என்றார். கூலி 180, பேரிங் இரண்டும் 60, ரப்பர் சீல் 40, தொட்டியை நாலு மாடி இறக்கி ஏற்ற 30. மொத்தம் 310. அதோடு ஒரு வார்த்தை சேர்த்தார்: "தொறந்து பார்த்து உள்ள டிரம்மைத் தாங்குற மூணு கை வெடிச்சிருந்தா வேலையை அங்கயே நிறுத்திடுவேன். அப்போ 80 மட்டும் குடுங்க, மிச்சக் காசைப் புதுசுக்கு வையுங்க." வேலையைத் தொடுவதற்கு முன்னாலேயே இப்படிச் சொல்லும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

தொட்டியைக் கடைக்குக் கொண்டு போனதற்கு மறுநாள் எனக்கு ஆஃப். நானும் போய் உட்கார்ந்துவிட்டேன். வெளித்தொட்டி இரண்டாகப் பிரிந்ததும் முதலில் கண்ணில் பட்டது பின்சுவரில் வழிந்திருந்த பழுப்புக் கறை, நடுவிலிருந்து கீழே கோடாக. "பாருங்க, சீல் போயி ரொம்ப நாளாச்சு" என்றார். முதலில் ரப்பர் சீல் தேயும், அதன் வழியே சோப்புத் தண்ணீர் பேரிங்குக்குள் போகும், கிரீஸ் கரைந்துவிடும், இரும்புக் குண்டுகள் துருப்பிடிக்கும். சத்தம் கேட்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். வெளியே எடுத்த பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் கரைத்தது போல சிவப்புச் சேறு. விரலால் சுற்றினால் இரண்டு இடத்தில் மாட்டி மாட்டி நின்றது.

பிறகு டிரம்மின் அச்சைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். சீல் உட்காரும் இடத்தில் மஞ்சள் நிற வளையம் ஒன்று பளபளத்தது. "நகத்தை வச்சு குறுக்கால இழுங்க, பள்ளத்துல மாட்டுதா?" இழுத்தேன். வழுவழுவென்று போனது. அங்கே பள்ளம் விழுந்திருந்தால் புது சீல் போட்டும் சில மாதத்தில் மறுபடி கசியுமாம். டிரம்மைத் தாங்கும் மூன்று கை அலுமினியம். இடுக்கில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி ஏறியிருந்தது. பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு கையையும் டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரிப்பு மேலோட்டம்தான், வெடிப்பு இல்லை. இன்னும் ஆறு மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் சொல்ல முடியாது என்றார்.

பேரிங் எண்களையும் சொல்லிக்கொடுத்தார். எங்கள் மெஷினில் முன்னால் 6206, பின்னால் 6205. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் அளவு: 30 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர். எண்ணுக்குப் பின்னால் இசட்இசட் என்றிருந்தால் இரும்பு மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. புதிய பேரிங்குகளைப் பெட்டி பிரிக்காமல் என் கையில் கொடுத்து, எண்ணைப் பார்த்துவிட்டுத் திறக்கச் சொன்னார். உள்ளே இறக்கும்போது பழைய பேரிங்கையே மேலே வைத்து, வெளிவளையத்தில் மட்டும் படும்படி சுற்றிச் சுற்றித் தட்டினார். உள்வளையத்தில் அடி விழுந்தால் புதுசும் அங்கேயே கெட்டுவிடுமாம்.

குறைகளும் உண்டு. வியாழன் வருகிறேன் என்று சொல்லி சனிக்கிழமைதான் வந்தார். வேலையில் கை வைத்துவிட்டால் போனை எடுப்பதில்லை, இரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லாமல் தவித்தேன். மொத்தத்தில் ஒன்பது நாள் மெஷின் இல்லாமல் ஓட்டினோம், டோபிக்கு மட்டும் 50 ரிங்கிட் போனது. அவசரம் என்றால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொடுத்த அன்று முதல் துவைப்பிலேயே அடியில் லேசாகத் தண்ணீர் வந்தது. குழாயின் கிளிப் சரியாக இறுகவில்லை. அன்று மாலையே மகனை அனுப்பிச் சரி செய்தார், காசு வாங்கவில்லை. ரசீதும் நாம் கேட்டால்தான் எழுதுகிறார். கட்டாயம் கேளுங்கள். எனக்கு என்ன மாற்றினார், எவ்வளவு, மூன்று மாத உத்தரவாதம் என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எந்தக் கடையாக இருந்தாலும் ஒரு நாள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டி வந்தால் நம் கையில் இருக்கும் ஆதாரம் அந்தத் தாள்தான். அங்கே மனுச் செய்ய 5 ரிங்கிட் போதும், வக்கீல் வேண்டாம்.

இப்போது ஒரு மாதம் ஆகிறது. பிழியும்போது சீரான உய்ங் சத்தம் மட்டும், அடுப்படிக் கதவைச் சாத்தினால் கூடத்தில் கேட்பதில்லை. சோப்பு டப்பா வைத்த இடத்திலேயே இருக்கிறது. மாக்சிக்கிடம் போய், இரவில் இனிச் சத்தம் கேட்டால் சொல்லுங்கள் என்றேன். துவைக்க ஆரம்பித்துவிட்டீர்களா என்று திருப்பிக் கேட்டார்.

அண்ணன் சொன்னபடி சோப்புத் தூளைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். நுரை மிஞ்சினால் அலசியும் போகாமல் டிரம்முக்குப் பின்னால் படிந்து அலுமினியத்தை அரிக்குமாம். துவைத்ததும் கதவைத் திறந்தே வைக்கிறேன். கால்மிதியைத் தனியாகப் போடுவதில்லை. ஒரே பக்கம் கனம் சேர்ந்து அடிப்பதில் பேரிங்தான் அடி வாங்குகிறது.

மேலே கதவு வைத்த மெஷின் வைத்திருப்பவர்கள் உடனே பேரிங் என்று பயப்பட வேண்டாம். அதில் தொட்டியைத் தாங்கும் நாலு கம்பிகள் தளர்ந்தாலும் இடித்துச் சத்தம் வரும், அது இதைவிடச் சின்ன வேலை. அதையும் அண்ணன் செய்கிறார். கடை திங்கள்கிழமை மூடியிருக்கும். போன் எடுக்கவில்லை என்றால் பகல் ஒரு மணிவாக்கில் அடியுங்கள், சாப்பாட்டு நேரத்தில் எடுப்பார். மெஷின் பின்னால் இருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.