ஒரே ஐபி, நான்கு சர்வர்: ஈசிஎம்பியா, எல்விஎஸ்ஸா?

ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் நான்கு வெப் சர்வர்களை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு சர்வரும் அந்த முகவரியை பிஜிபி (ரவுட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) வழியாக /32 ரூட்டாக, அதாவது ஒற்றை முகவரிக்கான வழியாக, அறிவிக்க, ரவுட்டரே ஈசிஎம்பி (சமமான பல வழிகளில் டிராஃபிக்கைப் பிரிப்பது) முறையில் பங்கிடுவது ஒன்று. லினக்ஸின் சுமைப் பங்கீட்டு வசதியான எல்விஎஸ்ஸை டைரக்ட் ரவுட்டிங் முறையில் ஓட்டி, முன்னால் கீப்அலைவ்டு (ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்க வைக்கும் மென்பொருள்) போட்ட இரண்டு டைரக்டர்களை, அதாவது இணைப்புகளைப் பங்கிட்டு அனுப்பும் மெஷின்களை, வைப்பது இன்னொன்று. சர்வர்கள் எல்லாம் ஒரே விலானில் (ஒரே உள் நெட்வொர்க்கில்) இருந்தால் எல்விஎஸ் பக்கம்தான் நான்.

வேகத்தில் ஈசிஎம்பி முந்தும். ஆனால் எல்விஎஸ்ஸிலும் பதில் பாக்கெட்டுகள் டைரக்டரைத் தொடாமல் நேரே கிளையண்டுக்குப் போய்விடுகின்றன. அதனால் வேகத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பராமரிப்புக்காக ஒரு சர்வரைக் கழற்றும்போது என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். எந்த இணைப்பு எந்த சர்வருக்குப் போனது என்று ஈசிஎம்பி நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எளிய வடிவில், முகவரி, போர்ட் எண்களை ஹேஷ் செய்து (ஒரே எண்ணாக்கி), அதை சர்வர் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைப் பார்த்து அனுப்புகிறது. நான்கு மூன்றானால் மீதியும் மாறும். 0 முதல் 11 வரையான ஹேஷ் எண்களை நான்காலும் மூன்றாலும் வகுத்துப் பாருங்கள்: 0, 1, 2 மட்டுமே பழைய இடத்தில் நிற்கும். முக்கால்வாசி இணைப்புகள் அறிமுகமே இல்லாத சர்வருக்குப் போய், ஆர்எஸ்டி (இணைப்பைத் துண்டிக்கும் பாக்கெட்) வாங்கி அறுந்துவிடும். ரெசிலியன்ட் ஹேஷிங் (மற்ற சர்வர்களின் பங்கைக் கலைக்காத ஹேஷ் முறை) உள்ள ரவுட்டரில் கழற்றிய சர்வரின் இணைப்புகள் மட்டுமே போகும். ஆனால் அதைத் திரும்பச் சேர்க்கும்போது இன்னும் சில அறுபடும்.

எல்விஎஸ்ஸிடம் இணைப்பு அட்டவணை இருக்கிறது. சர்வரின் வெயிட்டை (அதற்கு ஒதுக்கும் பங்கை) 0 ஆக்கினால் புது இணைப்பு வராது, பழையவை முடியும்வரை ஓடும். ஆக்டிவ் எண்ணிக்கை 0 ஆனதும் ரீபூட் செய்யலாம். பெர்சிஸ்டன்ஸ் (ஒரு கிளையண்டை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் அமைப்பு) போட்டிருந்தால் மட்டும் பழைய கிளையண்டுகள் அதே சர்வருக்கே திரும்பி வருவார்கள். அதைத் தவிர்க்க எக்ஸ்பயர் க்வைசன்ட் டெம்ப்ளேட் என்ற கர்னல் அமைப்பை 1 ஆக்கிவிடுங்கள்.

எல்விஎஸ்ஸில் சறுக்கும் இடங்களும் உண்டு. சர்வர்களின் லூப்பேக்கில் (மெஷினின் உள் இன்டர்ஃபேஸில்) பொது முகவரியைப் போடுவதற்கு முன்பே ஏஆர்பி இக்னோர் 1, ஏஆர்பி அனவுன்ஸ் 2 என்று வைக்க வேண்டும்; ஏஆர்பி என்பது ‘இந்த ஐபி யாருடையது’ என்று உள் நெட்வொர்க்கில் கேட்கும் முறை. மறந்தால் ஏதோ ஒரு சர்வர் ஏஆர்பிக்குப் பதில் சொல்லி, மொத்தச் சுமையையும் தன் தலையில் இழுத்துக்கொள்ளும். டைரக்டர்கள் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒன்றுக்கொன்று அறிவிக்கும் புரோட்டோகால் 112 (விஆர்ஆர்பி) ஃபயர்வாலில் அடைபட்டிருந்தால் இரண்டு டைரக்டர்களுமே மாஸ்டர் ஆகிவிடும். ஒரு டைரக்டர் விழுந்தால், அந்த அறிவிப்பின் இடைவெளி 1 விநாடி என்ற அமைப்பில் மற்றது பொறுப்பேற்க 3 முதல் 4 விநாடி பிடிக்கும். இணைப்பு அட்டவணையை மற்ற டைரக்டருக்கு நகலெடுக்கும் சிங்க் டீமன் ஓடவில்லையென்றால் அட்டவணையும் அதோடு போய்விடும். டைரக்ட் ரவுட்டிங்கில் போர்ட் 80-ஐ 8080-க்கு மாற்றி அனுப்பவும் முடியாது.

சர்வர்கள் வெவ்வேறு சப்நெட்களில் இருந்தாலோ, ஒரு டைரக்டருக்குத் தாங்காத டிராஃபிக் வந்தாலோ இந்த இரண்டில் பிஜிபிதான் வழி. அப்போதும் பிஎஃப்டி (எதிர்முனை விழுந்ததை வேகமாகக் கண்டறியும் நெறிமுறை) இல்லாமல் இறங்க வேண்டாம். பிஜிபியின் ஹோல்டு டைமர் (எதிர்முனை பேசாவிட்டால் காத்திருக்கும் நேரம்) 90 விநாடி என்றால், செத்த சர்வருக்கு அத்தனை நேரமும் பாக்கெட்டுகள் போய்க்கொண்டே இருக்கும். 300 மில்லிவிநாடி, மூன்று தவறல் என்று பிஎஃப்டி வைத்தால் ஒரு விநாடிக்குள் ரூட் விலகிவிடும்.