ஆழ்கடல் உயிர்களைத் தேட: ஆள் ஏறும் நீர்மூழ்கியா, கம்பிவட ரோபோவா?

6,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல சுமார் 600 மடங்கு. ஆள் ஏறும் நீர்மூழ்கி, கப்பலோடு வடத்தால் இணைந்த ஆளில்லா ரோபோ இரண்டுமே அதைத் தாங்கும்; வித்தியாசம் வேறு விஷயங்களில்.

நேரம்
நீர்மூழ்கி: சென்னையில் உருவாகும் மத்ஸ்யா 6000-இல் 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளத்துக்குள் 3 பேர், 12 மணி நேரம். அவசரத்துக்கு 96 மணி நேர உயிர்காப்பு. இறங்கி ஏறவே பாதிப் பொழுது போய்விடும்.
ரோபோ: மின்சாரம் கப்பலிலிருந்தே வருவதால் ஒரு நாளைத் தாண்டியும் வேலை செய்யும். ஆட்கள் மேலே முறை மாற்றிக்கொள்ளலாம்.

ஆபத்து
நீர்மூழ்கியில் பணயம் உயிர். ரோபோவின் பலவீனம் வடம். 2003-இல் ஜப்பானின் கைக்கோ என்ற ரோபோ, வடம் அறுந்து தொலைந்தே போனது.

பார்வை
கேமரா ஒரு சட்டத்துக்குள்தான் காட்டும். சன்னலில் கண் பதித்தவருக்கு ஓரத்தில் மினுங்கும் உயிரொளியும் (உயிரினங்களே உமிழும் ஒளி) தென்படும். ஆனால் வெள்ளை விளக்கும் வாகனத்தை நகர்த்தும் உந்திகளின் இரைச்சலும் எதிலிருந்து வந்தாலும் விலங்குகளை விரட்டும். 2012-இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளருகே ராட்சதக் கணவாயைப் படமெடுக்க உதவியது, அதன் கண்ணுக்கு எளிதில் புலப்படாத செவ்வொளி.

மாதிரி
இரண்டுக்கும் இயந்திரக் கை உண்டு. ஜெல்லி போன்ற உடல்களை அதால் பிடித்தால் பிய்ந்துவிடும். மெதுவாக உறிஞ்சும் குழாயும் மூடியுள்ள உருளையும் வேண்டும்.

ஒரே இடத்தை நாள்கணக்கில் கவனிக்கவும் மாதிரிகள் நிறைய எடுக்கவும் ரோபோ. விலங்கின் நடத்தையையும் தரையின் மேடுபள்ளத்தையும் நேரில் கணிக்க வேண்டுமென்றால் நீர்மூழ்கி. பணம் குறைவென்றால் ரோபோவையே எடுங்கள்.