ஸ்விங்கோட ஜேடெஸ்க்டாப்பேன்: விண்டோ தருது, நிர்வாகத்த நம்மகிட்ட விட்டுருது

ஜாவாவுல விண்டோ, பட்டன் எல்லாம் செய்யுற லைப்ரரிதான் ஸ்விங். அதுல ஒரே பெரிய விண்டோவுக்குள்ள சின்னச் சின்ன விண்டோவா திறக்கணும்னா ஜேடெஸ்க்டாப்பேனும் (உள் விண்டோக்கள் உக்கார்ற பரப்பு) ஜேஇன்டர்னல்ஃப்ரேமும் (அந்த உள் விண்டோ, கீழ சுருக்கமா ஃப்ரேம்) தான். 1998ல ஜாவா 1.2 கூட வந்தது, இன்னிக்கும் ஓடுது. பில்லிங், ஸ்டாக் மாதிரி டேட்டா என்ட்ரி சாஃப்ட்வேர் எழுதுறவங்க இத எடுக்கலாமான்னு கேட்டா தாராளமா எடுக்கலாம்னுதான் சொல்வேன், ஆனா உள்ள திறக்குற விண்டோக்கள ஒழுங்கா அடுக்குற வேலை, மூடுற வேலை, எல்லைக்குள்ள நிறுத்துற வேலை இதெல்லாம் அதுவே பாத்துக்கும்னு நினைச்சு எடுக்காதீங்க, அதெல்லாம் நீங்கதான் எழுதணும்.

புதுசா வர்றவங்க முதல்ல மாட்டுறது ஃப்ரேம் தெரியாம போறதுலதான். சைஸ் கொடுக்கலன்னா அகலமும் உயரமும் பூஜ்யம், டெஸ்க்டாப்பேனுக்கு லேஅவுட் மேனேஜரும் (உள்ள இருக்குறதுக்கு அளவும் இடமும் தானா கொடுக்குறது) கிடையாது, அதனால எதுவும் தெரியாது. ஜாவா 1.3ல இருந்து செட்விசிபிள் ட்ரூவும் நாமளே கூப்பிடணும். வெறும் டைட்டில் மட்டும் கொடுத்து உருவாக்கினா ரீசைஸ், க்ளோஸ், மேக்ஸிமைஸ், மினிமைஸ் நாலுமே ஆஃப்தான், கன்ஸ்ட்ரக்டர்ல நாலு ட்ரூ போட்டாதான் பட்டன் எல்லாம் வரும். செட்செலக்டட் கூட ஃப்ரேம் திரையில தெரியுறப்பதான் வேலை செய்யும், அதனால சைஸ், ஆட், விசிபிள், செலக்ட் இந்த வரிசைய மாத்தாதீங்க. இடம் சொல்லலன்னா எல்லா ஃப்ரேமும் இடது மேல் மூலையில ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்துரும், பின்னாடி எத்தனை திறந்திருக்குன்னே யூசருக்குத் தெரியாது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது மூடுறதத் தடுக்குற வசதி. யூசர் பாதி டைப் பண்ணிட்டு சேவ் பண்ணாம எக்ஸ் அமுக்குறாருன்னு வைங்க, ஃப்ரேம்ல வீட்டோயபிள் சேஞ்ச் லிசனர் (ஒரு மாற்றம் நடக்குறதுக்கு முன்னாடியே அத மறுக்க விடுறது) ஒண்ணு மாட்டி, க்ளோஸ்ட் ப்ராபர்ட்டி மாறப் போறப்ப பிராபர்ட்டி வீட்டோ எக்ஸெப்ஷன் வீசிட்டா ஃப்ரேம் அப்படியே நிக்கும். எக்ஸ் பட்டன்ல மூடினாலும் சரி, கோடுல செட்க்ளோஸ்ட்னு கூப்பிட்டு மூடினாலும் சரி, ரெண்டுக்கும் இந்த ஒரே தடுப்பு போதும். செட்செலக்டட், செட்ஐகான், செட்மேக்ஸிமம் எல்லாத்தையும் ட்ரை கேட்ச்குள்ள போட வேண்டியிருக்கேன்னு நிறைய பேரு சலிச்சுக்கிறாங்க, ஆனா அந்த எக்ஸெப்ஷன்தான் யூசரோட டேட்டாவக் காப்பாத்துது, தயவுசெஞ்சு கேட்ச் ப்ளாக்க காலியா விடாதீங்க.

அடுத்து அடுக்குறது. கேஸ்கேட் (ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் தள்ளி அடுக்குறது), டைல் (கட்டம் கட்டமா பரப்புறது) ரெண்டுமே ரெடிமேடா இல்ல. க்யூட்னு (Qt) இன்னொரு விண்டோ லைப்ரரி இருக்கு, அதுல இதே வேலை பாக்குற க்யூஎம்டிஐஏரியாவுல ரெண்டும் ஒரே வரியில கூப்பிடலாம், வேணும்னா டேப் வியூவாவே மாத்திக்கலாம், அந்த விஷயத்துல ஸ்விங் பின்னாடிதான் நிக்குது. இங்க கெட்ஆல்ஃப்ரேம்ஸ் வாங்கி, எத்தனை ஃப்ரேம்னு எண்ணி, அதோட வர்க்கமூலத்த வச்சு வரிசையும் நெடுவரிசையும் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் செட்பவுண்ட்ஸ் கொடுக்கணும். மினிமைஸ் ஆனதத் தாண்டிப் போங்க, மேக்ஸிமைஸ் ஆனத முதல்ல பழைய அளவுக்குக் கொண்டு வாங்க. முக்கியமா, மூடுறப்ப ஒளிச்சு வைக்கிற மாதிரி செட் பண்ணிருந்தா அந்த ஃப்ரேமும் இந்த லிஸ்ட்ல வரும், விசிபிளான்னு பாக்காம டைல் பண்ணா நடுவுல காலி கட்டம் விழும். ஜேஃப்ரேம் (ஸ்விங்கோட சாதாரண தனி விண்டோ) பழக்கத்துல எக்ஸ் அமுக்கினா ஒளியும்னு நினைக்காதீங்க, ஜேஇன்டர்னல்ஃப்ரேம்ல டீஃபால்ட்டே டிஸ்போஸ், அதாவது ஃப்ரேம மொத்தமா நீக்கிரும்.

ஃப்ரேம டெஸ்க்டாப்புக்கு வெளியில இழுத்து டைட்டில் பார் மேல மறைஞ்சு போச்சுன்னா மவுஸால திரும்ப இழுக்கப் பிடி இருக்காது. இதுக்கு ஃப்ரேம்களோட அசைவ நடத்துற டீஃபால்ட்டெஸ்க்டாப்மேனேஜர் கிளாஸ எக்ஸ்டென்ட் பண்ணி ட்ராக்ஃப்ரேம் மெத்தட்ல எக்ஸ், ஒய் ரெண்டையும் எல்லைக்குள்ள அடக்கிட்டு சூப்பர கூப்பிட்டா போதும், சின்ன கோடுதான். இழுக்குறது, ரீசைஸ், மினிமைஸ், ஆக்டிவேட் எல்லாமே இந்த மேனேஜர் வழியாத்தான் போகுதுங்கறதால நம்ம விதிய ஒரே கிளாஸ்ல எழுதி எல்லா ஃப்ரேமுக்கும் பொருந்த வைக்கலாம், இந்த டிசைனுக்காகவே நான் இத இன்னும் சிபாரிசு பண்றேன்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியா ஓட்டுற இடத்துல இழுக்குறப்ப இழுக்குறப்ப மொத்தமும் திரும்ப வரைஞ்சு திணறும், செட்ட்ராக்மோட்ல அவுட்லைன் போட்டுருங்க, வெறும் கோடு மட்டும் நகரும், விட்டதும் ஃப்ரேம் வந்து உக்காரும். மெட்டல் லுக்ல (ஸ்விங்கோட சொந்தத் தோற்றம்) கன்ட்ரோல் எஃப்6 அடுத்த ஃப்ரேமுக்குப் போகும், கன்ட்ரோல் எஃப்4 மூடும், கீபோர்ட்லயே வேலை பாக்குறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனா ஒண்ணு, இந்த ஃப்ரேம் எதுவும் நிஜ ஓஎஸ் விண்டோ இல்ல, ஸ்விங் வரையுற காம்பொனன்ட்தான், அதனால தாய் விண்டோவ விட்டு வெளிய வரவே வராது. ரெண்டு மானிட்டர் வச்சு ஒண்ணுல இன்வாய்ஸ், இன்னொண்ணுல ஸ்டாக்னு பாக்கணும்னு கேக்குற யூசருக்கு இது சுத்தமா ஆகாது. எக்ஸெல்லே 2013ல இந்த உள் விண்டோ முறைய விட்டுட்டு ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி விண்டோன்னு போயிருச்சு. அந்தத் தேவை வரும்னு முன்னாடியே தெரிஞ்சா ஆரம்பத்துலயே தனித்தனி ஜேஃப்ரேமா எழுதிருங்க, ஏன்னா திறக்குறது, மூடுறது மாதிரி நிகழ்வுகளக் கேக்குற இன்டர்னல்ஃப்ரேம்லிசனரும் (உள் ஃப்ரேமுக்கு) விண்டோலிசனரும் (ஜேஃப்ரேமுக்கு) வேற வேற, பின்னாடி மாத்தணும்னா ஒவ்வொரு ஸ்க்ரீனையும் திறந்து கை வைக்க வேண்டியிருக்கும்.