அவுட்போர்டு இன்ஜின்: தாழ்த்திப் பூட்டுவதா, உயர்த்திப் பூட்டுவதா?

படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் இன்ஜினை எந்த உயரத்தில் பூட்டுவது? ராமநாதபுரம் கரைக்கு இதில் ஒரே பதில் சொல்ல முடியாது. வடகடலில் (பாக் விரிகுடா) ஓடும் படகுக்கு ஒன்று, தென்கடலில் (மன்னார் வளைகுடா) ஓடும் படகுக்கு வேறொன்று.

முதலில் அளவு. இன்ஜினை நேராக நிறுத்தி, படகின் அடியை ஒட்டி ஒரு நேர்ச்சட்டத்தைப் பின்னால் நீட்டிப் பிடியுங்கள். விசிறிக்கு மேலே உள்ள தட்டைத் தகடு சட்டத்துக்குச் சமமாகவோ, ஓர் அங்குலம் வரை மேலேயோ நின்றால் சரி.

அதைவிடத் தாழ்ந்தால் விசிறி தண்ணீரை விடாது என்பது உண்மை. அலையில் பின்பக்கம் தூக்கினாலும், சட்டென்று வளைத்தாலும் பிடி இருக்கும். ஆனால் கியர் பெட்டி ஆழத்தில் இழுபடுவதால் வேகம் குறையும், எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். 15 அங்குல உயரப் பின்பலகையில் 20 அங்குல ஷாஃப்ட் (விசிறி வரை இறங்கும் தண்டு) உள்ள இன்ஜினை மாட்டிவிட்டு, "படகு இழுக்க மாட்டேங்குது" என்று மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். கோளாறு இன்ஜினில் இல்லை. 5 அங்குலம் வீணாகத் தண்ணீருக்குள் கிடக்கிறது. வடகடலில் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கரையோர ஆழம் குறைவு என்பதால் இன்ஜினின் அடியில் நீட்டி நிற்கும் அடித்துடுப்பு சேற்றை உழும், கடல்புல் விசிறியில் சுற்றும். மீன்குஞ்சுகள் வளரும் அந்தப் புல்லை அறுத்துக்கொண்டு போவது நம் பிழைப்பையே அறுப்பதுதான்.

உயர்த்தினால் இந்தத் தொல்லைகள் குறையும், வேகமும் கூடும். எல்லை தாண்டினால் விசிறி காற்று இழுக்கும்: இன்ஜின் அலறும், படகு நகராது. குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் துளையும் மேலே வந்துவிட்டால் இன்ஜின் சூடேறிக் கெடும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடலில் ஏர்வாடி, மூக்கையூர் பக்கத்து அலையில் இது நடக்க அதிக நேரம் ஆகாது.

அதனால் என் தீர்ப்பு: வடகடலிலேயே தொழில் செய்பவர் தகட்டை ஓர் அங்குலம் உயர்த்தலாம். தென்கடலுக்குச் சமமட்டம்தான். பாம்பன், மண்டபம் ஆட்கள் பருவத்துக்குப் பருவம் கடல் மாறுவதால், அவர்களும் சமமட்டத்திலேயே வைப்பது நல்லது.

சின்ன இன்ஜின் என்றால் பின்பலகை மேல் ஒரு கட்டை வைத்து உயர்த்தலாம், கிளாம்ப் பலகையை முழுதாகக் கவ்வ வேண்டும். போல்ட் போடும் இன்ஜினில் ஒரு துளை மாற்றினால் ஏறக்குறைய முக்கால் அங்குலம் மாறும். அப்புறம் வெறும் படகில் ஒரு தடவை, வலையும் ஐஸ் பெட்டியும் ஆட்களும் ஏறிய பிறகு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்தில் தகட்டின் மேல் தண்ணீர் லேசாக வழிந்தோட வேண்டும். வளைக்கும்போது சத்தம் ஏறக்கூடாது. குளிர்ச்சித் தண்ணீர் பீச்சுவது நிற்கக்கூடாது. நின்றால் அங்கேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். கரைக்கு வந்ததும் ஒரு துளை இறக்கிப் பூட்டுங்கள்.