கருந்தாடிப் பாசிக்கு எது: ஹைட்ரஜன் பெராக்சைடா, திரவக் கார்பனா?

மீன் தொட்டியில் அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் இலை ஓரத்திலும் மரக்கட்டையிலும் கருப்புக் குஞ்சமாக ஒட்டிய பாசி, தேய்த்தால் போகாது.

உடனே பலன் வேண்டுமென்றால் பெராக்சைடு. 3% கரைசலில் 100 லிட்டர் தொட்டிக்கு மொத்தம் 25–30 மி.லி. போதும். மருந்துக்கடையில் பெரும்பாலும் 6% பாட்டில்தான் கிடைக்கும். லேபிளைப் பார்த்து, 6% என்றால் மி.லி. அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் பாசிமேல் மெதுவாக விடுங்கள். குமிழ் கிளம்பும். 10–15 நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடலாம். சில நாளில் பாசி இளஞ்சிவப்பாகி வெளுத்தால் செத்துவிட்டது. மிச்சத்தை இறாலும் மீனும் மேயும். பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். அளவு மீறினால் மாஸ் என்ற நீர்ச்செடி கருகும், இறால் சாகும்.

திரவக் கார்பன் என்பது குளுட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தின் கரைசல். 1.5% சரக்கு என்றால் தினமும் 100 லிட்டருக்கு 2.5 மி.லி.; பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். தொட்டி முழுக்கப் பரவிய பாசிக்கு இதுவே வசதி. வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி இருந்தால் தொடாதீர்கள், இலை கரைந்துபோகும். கையுறை கட்டாயம்.

என் ஓட்டு பெராக்சைடுக்கே. இரண்டையும் ஒரே நாளில் ஊற்ற வேண்டாம். செடிகளுக்கான கார்பன் டை ஆக்சைடு அளவு தண்ணீரில் ஏறி இறங்கினாலோ ஃபில்டரில் கசடு தேங்கினாலோ, எதை ஊற்றினாலும் பாசி திரும்ப வரும்.