ஜாகிந்தோஸ் ஆமை முகாம்: இரண்டு கோடைக்குப் பிறகு, ஒரு டேப்பைப் பற்றி

போன வாரம் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். முன்பதிவு செய்தால் கட்டணத்தில் இருபது சதவீதம் தள்ளுபடியாம். கீழே "போலாமாடா?" என்று ஒரே கேள்வி. 2022-இலும் 2023-இலும் நான் போய்வந்த அதே கடலாமை முகாம்தான். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கை வைத்ததும் அங்கே கூடுகளை அளந்த அந்த டேப் ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் ஒரு வரியில் எப்படி முடியும்?

அடிப்படைத் தகவல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிரீஸின் மேற்கே, அயோனியக் கடலில் இருக்கிறது ஜாகிந்தோஸ். கில்லினித் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஒன்றேகால் மணி நேரம். தீவின் தெற்கே லாகனாஸ் வளைகுடா. பெருந்தலை ஆமைகள், அதாவது காரெட்டா காரெட்டா, மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை அங்கே வந்து முட்டையிடும். 1999-இல் அதைத் தேசியக் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். மற்றதெல்லாம் தேடினால் கிடைக்கும். முகாம் நடத்துபவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்தக் கடற்கரை என்றும் சொல்ல மாட்டேன், சொன்னால் யார் என்று தெரிந்துவிடும். வளைகுடா அவ்வளவு சின்னது.

சரி, டேப்.

ஐம்பது மீட்டர் டேப். மஞ்சள் நிறம், ஓரமெல்லாம் கறுத்துப்போனது. அதன் முதல் 37 சென்டிமீட்டர் கிடையாது. எப்போதோ அறுந்திருக்கிறது. அறுந்த இடத்தில் நீல நைலான் கயிற்றால் ஒரு வளையம் கட்டி வைத்திருந்தார்கள். சுற்றும் கைப்பிடிக்குள் மணல் புகுந்து இறுகிவிட்டதால் தினமும் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே கையால்தான் சுற்ற வேண்டும், அம்மா கம்பளி நூல் சுற்றுவதுபோல. உறையின் மேல் மார்க்கரில் "37 கழி" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பாதி அழிந்து '3' மட்டும் தெளிவாகத் தெரியும்.

ஒரு டேப்புக்கு இத்தனை ஆத்திரமா என்று நண்பன் கேட்பான். அவனும் நானும் கல்லூரிக் காலத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு முழுக்க ஆமை நடை போனவர்கள். அங்கே பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் புதைப்போம். கடற்கரையில் கூடு இருந்த இடம் அதோடு முக்கியமில்லாமல் போய்விடும். ஜாகிந்தோஸில் அப்படியில்லை. அலை எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும்தான் முட்டைகளை மாற்றுவார்கள், அதையும் இட்ட சில மணி நேரத்துக்குள், ஒன்றைக்கூட உருட்டாமல். மற்றபடி ஆமை எங்கே இட்டதோ அங்கேயேதான் கூடு. மேலே மூங்கில் குச்சிச் சட்டம் ஒன்று வைப்போம். அந்தக் குச்சியை யாராவது பிடுங்குவார்கள், காற்று சாய்க்கும், அலை கொண்டுபோகும். அதனால் கடற்கரையின் பின்பக்கம் எண் போட்ட கம்பங்கள் நிற்கும். இரண்டு கம்பங்களிலிருந்து கூட்டுக்கு எத்தனை மீட்டர் என்று அளந்து நோட்டில் எழுதி வைப்பார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த இரண்டு எண்களும்தான் கூடு. வேறு எதுவும் இல்லை.

முட்டை இருக்கும் குழி, கழுத்து குறுகிய குடம் மாதிரி. அரை மீட்டர் ஆழம், அடியில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட அகலம். இதில் 37 சென்டிமீட்டர் பிசகினால் குடத்துக்கு வெளியே தோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முகாமின் பொறுப்பாளரிடம் முதல் வாரமே சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். எல்லோரும் கழித்தால் சரி. யாருமே கழிக்காவிட்டாலும் சரி, ஏனென்றால் திரும்பி அளப்பதும் இதே டேப்பால்தான், பிழை தானாக அடிபட்டுப்போகும். கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதிப் பேர் கழித்து மீதிப் பேர் மறந்தால்? வாரத்துக்கு மூன்று பேர் புதிதாக வருகிறார்கள், மூன்று பேர் கிளம்புகிறார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு, காபி குடிக்காத மூளைகள். நோட்டில் "கழித்தேன்" என்று குறிக்க ஒரு கட்டம்கூடக் கிடையாது.

நியாயமாகவும் பேச வேண்டும். அந்த அதிகாலை நடைக்காக நான் இன்னொரு தடவைகூடப் பணம் கட்டுவேன். விளக்கு இல்லாமல், கிழக்கு வெளுக்கும்போது தண்ணீர் ஓரமாக நடப்போம். திடீரென்று ஈரச் சாக்கு மூட்டையை யாரோ இழுத்துப்போன மாதிரி ஒரு தடம் மேலே ஏறும். பெருந்தலை ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றிப் போடும், அதனால் இரு பக்கத்து அடையாளங்களும் நேருக்கு நேர் இருக்காது. மணல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று தெரியும். நான் பார்த்த தடங்களில் பாதிக்கு மேல் வெறும் நடைதான். ஏறி வந்து, எதுவோ பிடிக்காமல் திரும்பிவிடும். விளக்கா, சத்தமா, கல்லா, அதுக்குத்தான் தெரியும். நிஜக் கூடு என்று தோன்றினால் முழங்கால் போட்டு விரலால் மணலை விலக்க வேண்டும். ஒரு இடத்தில் மணல் திடீரென்று இளகும். இன்னும் கொஞ்சம் போனால் விரல் நுனியில் வழவழவென்று, லேசாகக் குழிந்து கொடுக்கும் முதல் முட்டை. பார்த்ததும் மூடிவிட வேண்டும். அப்புறம் டேப், நோட்டு, மூங்கில். கடைசியாக, நாளைக்கு யாரும் மறுபடி எண்ணிவிடாமல் இருக்கக் காலால் தடத்தை அழிக்க வேண்டும். அழிக்க மனசே வராது.

உயிருள்ள ஆமையை முதல் வருஷம் ஆறு வாரத்தில் மூன்று தடவைதான் கரையில் பார்த்தேன். ஏமாற்றம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பகல் வேலை வேறு ரகம். குடை நடுபவர்களிடம் போய், கடலோரமாக ஈர மணலில் நடுங்கள், மேலே குத்தினால் அடியில் முட்டை இருக்கும் என்று சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். நாற்பது தடவை சொன்ன பிறகும் சிரிப்பு இருக்க வேண்டும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கூடாரம் காலை எட்டு மணிக்கே அடுப்பாகிவிடும், 2023 ஜூலை வெயில் அலையில் நான் ஒரு சவுக்கு மரத்தடியில்தான் தூங்கினேன். அந்த வெயிலில் பெரியவர் ஒருவர், மணல் சூடானால் பெண் குஞ்சு, ஆறினால் ஆண் குஞ்சு, வளைகுடா நடுவில் இருக்கும் மரத்தோனிசித் தீவின் மணல் வெளிறிய நிறம், சூடு பிடிக்காது, இங்கே மாப்பிள்ளைகள் அங்கிருந்துதான் என்று சொல்லிச் சிரித்தார். அதனால்தான் ஒவ்வொரு கூடும் எங்கே, எப்போது, எத்தனை பொரிந்தது என்ற கணக்குக்கு இத்தனை மதிப்பு. 2002-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இந்த ஆமைகளைச் சரியாகப் பாதுகாக்கவில்லை என்று கிரீஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. லாகனாஸ் மணலில் மொபெட் ஓட்டியதிலிருந்து மிதிபடகு வரை அதில் வந்தது. போய் எண்ணிப் பார்த்து எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் அதெல்லாம் பேசுபொருளானது. எழுதி வைத்த எண் தப்பாக இருந்தால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இரண்டாம் கோடை, ஜூலை நடுவில் போனேன். போகும்போதே ஒரு புது டேப் வாங்கிக்கொண்டு போனேன். ஐம்பது மீட்டர், ஃபைபர் கிளாஸ், இருபத்தி நான்கு யூரோ. பொறுப்பாளர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார், கட்டிப்பிடித்தார். அப்புறம் அதை ஸ்டோர் ரூமின் மேல் தட்டில் வைத்தார். சீசன் நடுவில் அளவுகோலை மாற்றக் கூடாதாம். ஜூன் மாதக் கூடுகளெல்லாம் பழைய டேப்பில் அளந்தவை, அடுத்த வருஷம் இதைப் பயன்படுத்தலாம் என்றார். அதுவும் நியாயம்தான். இந்த முகாமில் எதற்கும் ஒரு நியாயம் இருக்கும், அதுதான் பிரச்சினையே.

பத்தே நாளில் பழைய டேப் இன்னொரு தடவை அறுந்தது. நீல வளையத்தை அவிழ்த்து, அறுந்த நுனியில் மறுபடி கட்டினார்கள். உறையில் 37-ஐ அடித்து 61 என்று எழுதினார்கள். சீசன் நடுவில்.

அதே கோடை, செப்டம்பர் 2. ஜூன் 19-இல் இட்ட ஒரு கூடு. எழுபத்தைந்து நாள் ஆகியும் குஞ்சுத் தடம் எதுவும் பதிவாகவில்லை. பொரிந்து, அந்தத் தடத்தைக் காற்று அழித்திருக்கலாம். பொரியாமலே போயிருக்கலாம். தோண்டித்தான் பார்க்க வேண்டும். மூங்கில் சட்டம் எப்போதோ காணாமல் போயிருந்தது. நான், ஒரு டச்சு மாணவன், இத்தாலியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, மூன்று பேர். நோட்டில் இரண்டு எண்கள், பக்கத்தில் அளந்தவரின் முதல் எழுத்து. அந்தப் பெண் ஜூலையிலேயே ஊருக்குப் போய்விட்டாள். அவள் 37-ஐக் கழித்திருந்தாள் என்று வைத்துக்கொண்டு முழங்கை வரை தோண்டினோம். வெறும் மணல். கழிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு அரை மீட்டர் மேலே தள்ளித் தோண்டினோம். அதுவும் மணல். அவளுக்குச் செய்தி அனுப்பினோம். இருபது நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "கழித்தேன் என்றுதான் நினைக்கிறேன்." கூடவே ஒரு ஆமைப் பொம்மை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் டேப்பைத் தூக்கி எறியும் நிலையில் இருந்தேன். ஆசிரியை அம்மா நோட்டை மூடி வைத்தார், குப்புறப் படுத்தார், மணலை முகர்ந்தார். சத்தியமாக. இரண்டு குழிக்கும் நடுவே, ஒரு சாண் பக்கவாட்டில், "இங்கே" என்றார். கூமுட்டை நாற்றம். பொரியாமல் போன முட்டை மணலுக்குள் வெந்து அழுகும் நாற்றம், ஒரு தடவை பட்டால் மறக்காது.

தோண்டினோம். அப்புறம் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் விஷயம் புரிந்தது: அந்தப் பெண் ஒரு கம்பத்துக்குக் கழித்திருக்கிறாள், இன்னொன்றுக்கு மறந்திருக்கிறாள்.

தொண்ணூற்று நான்கு வெற்று ஓடுகள், கசங்கிய காகிதம் மாதிரி. பதினோரு கூமுட்டை. இரண்டு செத்த குஞ்சுகள். எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு வேரில் சிக்கி, மூன்று உயிரோடு. தீப்பெட்டியைவிடச் சிறியவை, சாம்பல் பழுப்பு நிறம். முதலில் செத்தவை என்றுதான் ஓரமாக வைத்தேன். ஒன்று துடுப்பை அசைத்தது, என் உள்ளங்கையில் கூசியது. ஈர மணலில் இறக்கி விட்டோம். நாங்கள் மூவரும் இரண்டு பக்கமும் நின்று நிழல் கொடுத்துக்கொண்டே போனோம், கடற்காகங்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு நிமிடம். மூன்றாவது குஞ்சை அலை இரண்டு தடவை திருப்பிக் கொண்டுவந்து போட்டது. மூன்றாம் தடவை காணோம்.

டச்சுப் பையன் அழுதான். நானும் கொஞ்சம். ஆனால் அன்று மாலை எனக்கு மனதில் நின்றது அந்தக் குஞ்சுகள் இல்லை, அந்த ஒரு மணி நேரம்தான். ஆசிரியை அம்மாவின் மூக்கு இல்லாவிட்டால் இன்னும் அரை மணியில் விட்டுவிட்டுப் போயிருப்போம். "கூடு கிடைக்கவில்லை" என்று நோட்டில் எழுதியிருப்போம். அதுவும் ஒரு புள்ளிவிவரமாகப் போயிருக்கும்.

இரவு பொறுப்பாளரிடம் கத்திவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆறு வருஷமாகக் கோடை முழுக்க அங்கேயே கிடப்பவர், எங்களைவிடக் குறைவாகத் தூங்குபவர், தட்டில் மிச்சமிருந்த தர்பூசணியை என் பக்கம் தள்ளினார். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். டேப் மாறவில்லை.

ஆக நண்பா, உன் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கடற்கரையில் விடிகாலை போல ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உடன் இருந்தவர்கள் தங்கம். சாப்பாடு மோசமில்லை, ரொட்டியும் ஃபேட்டாவும் தக்காளியும் சலிக்கவே இல்லை. தள்ளுபடியும் நல்ல தள்ளுபடிதான்.

போகாதே. இருபது சதவீதம் குறைக்கத் தெரிந்தவர்களுக்கு இருபத்தி நான்கு யூரோ டேப்பைப் பிரிக்கத் தெரியவில்லை. நான் இனிப் போக மாட்டேன்.

நீ எப்படியும் போவாய், எனக்குத் தெரியும். ஸ்டோர் ரூமில் நுழைந்ததும் இடது பக்கம், மேல் தட்டு, தண்ணீர்க் கேன்களுக்குப் பின்னால் நீல நிற டேப், பிளாஸ்டிக் உறையோடு இருக்கும். மே மாதமே போய்விடு, முதல் கூடு விழுவதற்குள் பிரித்துவிடு.